ஃபில்டர் போட்டா காணாமப் போறது யாரு?

உங்கள்ல எத்தனை பேர் ரெஸ்யூம்ல 'எக்ஸெல் தெரியும்'னு போட்டிருக்கீங்க? கை தூக்குங்க பார்ப்போம். அட, எல்லாருமேவா! சரி, அப்போ ஒரு குட்டிக் கேள்வி. எக்ஸெல்ல ஃபில்டர் போட்டதும் ஸ்கிரீன்ல இருந்து காணாமப் போற வரிகள் எல்லாம் எங்கே போகுது?

"இதென்ன பாஸ், எல்.கே.ஜி. கேள்வி?"னு சிரிக்காதீங்க. இந்தக் கேள்விக்குள்ள உங்க வேலை, உங்க ஸ்காலர்ஷிப், சில சமயம் ஒரு நாட்டோட ஆரோக்கியமே இருக்கு.

முதல்ல நம்ம கேம்பஸ் மேட்டருக்கு வருவோம். ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்கு வருது. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூணுலயும் 60 சதவிகிதம் இருக்கணும், அரியர் இருக்கக் கூடாதுன்னு கண்டிஷன். பிளேஸ்மென்ட் செல்லுல யாரோ ஒருத்தர் தலைப்பு வரியில இருக்கிற குட்டி அம்புக்குறிகளை வரிசையா கிளிக் பண்றார். நாலு கிளிக். பிளஸ் டூவுல 59.8 வாங்கின உங்க ஃபிரெண்ட் அவுட்! அவன் கேன்டீன்ல உட்கார்ந்து டீ குடிச்சிட்டுத்தான் இருக்கான். ஷீட்டுலயும் இருக்கான். பார்க்கிறவர் கண்ணுக்குத்தான் இல்லை.

ஃபில்டர் யாரையும் அழிக்காது. மறைக்கும், அவ்வளவுதான். அடுத்த தடவை ஃபில்டர் போட்டதும் இடது பக்க வரி எண்களைப் பாருங்க. நீலக் கலர்ல மாறியிருக்கும். 2, 5, 9, 14னு தாவித் தாவிப் போகும். 2-க்கும் 5-க்கும் நடுவுல இருக்கிற 3, 4 யாருன்னு பெரும்பாலும் நாம கேட்கிறதே இல்லை. அதைக் கேட்கணும்னு எனக்கு உறைச்சது எங்க செட்டுப் பொண்ணு ஒருத்தியாலதான்.

"சிஸ்டத்துல பேர் இல்லம்மா"

அவளுக்கு ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். அப்பா கடலுக்குப் போறவர். செங்கல்பட்டு மாவட்ட மாணவர்களுக்கு ஓர் இடத்துல ஃபீஸ் உதவி தர்றாங்கன்னு கேள்விப்பட்டு அப்ளை பண்ணியிருந்தா. தகுதி எல்லாம் பக்கா. லிஸ்ட் வந்தது. பேர் இல்லை. போய்க் கேட்டதுக்கு ஒரே பதில்: "சிஸ்டத்துல பேர் இல்லம்மா."

நம்ம ஊர்ல இந்த வாக்கியத்துக்கு அப்பீலே கிடையாது! 'நாங்க விட்டுட்டோம்'னு சொன்னா சண்டை போடலாம். சிஸ்டம் சொன்னா யார்கிட்ட சண்டை போடுறது? அந்த செமஸ்டர் ஃபீஸுக்கு அவங்க அம்மா கம்மலை அடகு வைக்கிறதா பேச்சு ஓடிச்சு.

துணைக்கு நானும் போனேன். அங்கே கம்ப்யூட்டர்ல இருந்த அண்ணன் நல்ல மனுஷன். "அண்ணே, அந்த மாவட்டம்ங்கிற காலத்தை ஒரு தடவை திறந்து காட்டுங்களேன்"னு கேட்டேன். "பாரு தம்பி"ன்னு கிளிக் பண்ணார். கீழே விழுந்த பட்டியலைப் பார்த்தா தலை சுத்திடுச்சு. செங்கல்பட்டு, செங்கல்பேட், சிங்கிள்புட், செங்கை, காஞ்சிபுரம், காஞ்சி... கடைசியா 'பிளாங்க்ஸ்'. இதுல டிக் அடிச்சிருந்தது ஒண்ணே ஒண்ணுதான்: செங்கல்பட்டு.

இவ சாதிச் சான்றிதழ் வாங்கினது 2016-ல, ஆறாவது சேரும்போது. அதுல 'திருக்கழுக்குன்றம் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்'னுதான் இருந்தது. ஏன்னா செங்கல்பட்டு மாவட்டம் தனியா பிறந்ததே 2019 நவம்பர் 29-ம் தேதி!

இதுல இன்னொரு கூத்து இருக்கு. பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஒரு காலத்துல 'செங்கை எம்.ஜி.ஆர்.' மாவட்டமா இருந்தது. 1997-ல அதைப் பிரிச்சு காஞ்சிபுரம், திருவள்ளூர்னு ரெண்டாக்கினாங்க. 2019-ல காஞ்சிபுரத்துல இருந்து மறுபடி செங்கல்பட்டு வந்தது. ஆக, அவ வீட்டுல பாட்டியோட பேப்பர்ல செங்கல்பட்டு, அம்மாவோட பேப்பர்ல செங்கை எம்.ஜி.ஆர்., இவ பேப்பர்ல காஞ்சிபுரம், தம்பி பேப்பர்ல திரும்பவும் செங்கல்பட்டு. குடும்பம் குப்பத்தை விட்டு ஓர் அடி நகரலை. மாவட்டம்தான் அவங்களைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கு!

"அப்போ காஞ்சிபுரத்துக்கும் டிக் அடிச்சிடலாமா தம்பி?"ன்னார் அண்ணன். அங்கேதான் விஷயமே. காஞ்சிபுரத்தையும் சேர்த்தா நிஜமாவே காஞ்சிபுரத்துல இருக்கிறவங்களும் உள்ளே வந்துடுவாங்க. முதல்ல விட்டுப்போச்சு, இப்போ கூடிப்போச்சுன்னு ஆகும். அதனால மாவட்டக் காலத்தை விட்டுட்டு வட்டம்ங்கிற காலத்துக்கு வந்தோம். திருக்கழுக்குன்றம், திருப்போரூர், செய்யூர், மதுராந்தகம்... மாவட்டப் பேர் மாறினாலும் இந்தப் பேர்கள் அப்படியே இருக்கு. அந்த வட்டங்களை டிக் அடிச்சதும் ஸ்கிரீன்ல அவ வந்தா. அவ மட்டுமா? அவளை மாதிரியே பழைய சான்றிதழ் வெச்சிருந்த இன்னும் சில பேரும் வந்தாங்க. அவங்கள்ல யாரும் வந்து கேட்டிருக்கலை. 'நமக்குக் கிடைக்கலை'ன்னு வீட்டுலயே உட்கார்ந்துட்டாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு ரெண்டாவது லிஸ்ட் வந்தது. கம்மல் தப்பிச்சது.

தாஜ்மகாலை ஜெயிச்ச கடற்கரைக் கோயில்!

அதே மாமல்லபுரத்துல இருந்து இன்னொரு கதை. 2022-ல ஒரு செய்தி ஓடிச்சு, ஞாபகம் இருக்கா? தொல்லியல் துறை டிக்கெட் கொடுக்கிற நினைவுச் சின்னங்கள்ல, 2021-22-ல வெளிநாட்டுப் பயணிகள் அதிகமா வந்தது மாமல்லபுரத்துக்குத்தான். சுமார் 1.45 லட்சம் பேர். தாஜ்மகாலுக்கு வந்தது சுமார் 39 ஆயிரம். நம்ம பசங்க ஸ்டேட்டஸ் எல்லாம் போட்டு ஒரே அமர்க்களம்!

எனக்கும் பெருமைதான். 1984-லயே யுனெஸ்கோ பட்டியல்ல ஏறின இடமாச்சே. ஆனா இப்போ ஃபில்டர் கண்ணோட பாருங்க. அந்த எண்ணுக்கு மேல ரெண்டு ஃபில்டர் உட்கார்ந்திருக்கு. ஒண்ணு, வெளிநாட்டவர் மட்டும். ரெண்டு, 2021 ஏப்ரல்ல இருந்து 2022 மார்ச் வரை மட்டும். அது கொரோனா காலம். 2021 அக்டோபர், நவம்பர்லதான் வெளிநாட்டவருக்கு டூரிஸ்ட் விசாவையே திரும்ப ஆரம்பிச்சாங்க. வழக்கமான சர்வதேச விமானங்கள் மறுபடி பறந்தது 2022 மார்ச் 27-ல. முதல் ஃபில்டரை எடுத்துட்டு உள்நாட்டுப் பயணிகளைப் பார்த்தா, அதே வருஷம் தாஜ்மகாலுக்கு 30 லட்சத்துக்கும் மேல. தாஜ்தான் ஃபர்ஸ்ட்!

செய்தி பொய்யா? சத்தியமா இல்லை. எண் சரி, வரிசையும் சரி. ஆனா 'எந்த ஃபில்டர் போட்டு வந்த நம்பர் ஒன்'னு பக்கத்துலயே சொல்லணும். அதைச் சொல்லாம விட்டா, ஒரு வருஷத்து நிலவரம் 'எப்பவுமே நாமதான் டாப்'னு மாறிடும்.

3,66,625-ல் இருந்து 560

சரி, ஃபில்டரை ஒழுங்கா போட்டா எப்படி இருக்கும்? அதுக்கும் உதாரணம் நம்ம செங்கல்பட்டுலயே இருக்கு. உலகம் முழுக்க டாக்டர்கள் 'சிங்கிள்புட் டிரையல்'னு படிக்கிறது அதைத்தான்.

காசநோய்க்கு எதிரா போடுற பி.சி.ஜி. ஊசி நிஜமாவே வேலை செய்யுதான்னு பார்க்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1968-ல, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துல ஒரு பிரமாண்ட ஆய்வை ஆரம்பிச்சது. 209 கிராமம், 9 டவுன். பதிவு பண்ணினவங்க 3,66,625 பேர். அதுல ஊசி போட்டுக்கிட்டவங்க 2,81,161 பேர். யாருக்கு நிஜ ஊசி, யாருக்கு மருந்தில்லாத டம்மி ஊசின்னு போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கிட்டவருக்கும் தெரியாது. அதுக்கப்புறம் 15 வருஷம் விடாம, இரண்டரை வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் ஊரா போய் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. இத்தனைக்கும் பர்சனல் கம்ப்யூட்டருக்கான முதல் ஸ்ப்ரெட்ஷீட் சாஃப்ட்வேரான விசிகால்க் வெளிவந்தது 1979-லதான்!

இப்போ அவங்க போட்ட ஃபில்டரைக் கவனிங்க. ஊசி நோயைத் தடுக்குதான்னு தெரியணும்னா, ஆரம்பத்துலயே கிருமி தொற்றினவங்களை வெச்சு முடிவு சொல்ல முடியாது. அதனால தோல்ல போட்ட டெஸ்ட்டுல வீக்கம் 7 மி.மீ. அல்லது அதுக்குக் கீழே, எக்ஸ்ரே நார்மல் – இந்த ரெண்டு கண்டிஷன். மிஞ்சினவங்க 1,09,873 பேர். 15 வருஷத்துல அவங்கள்ல காசநோய் வந்தது 560 பேருக்கு.

அந்த 560 பேரை ரெண்டாப் பிரிச்சுப் பார்த்தா? பெரியவங்களுக்கு நுரையீரல் காசநோய்ல இருந்து ஊசி பாதுகாப்பே தரலை. குழந்தைகளுக்கும் சுமார் 27 சதவிகிதம்தான், அதையும் உறுதியா சொல்ல முடியாத அளவு. எல்லாரும் எதிர்பார்த்ததுக்கு நேர் எதிர் ரிசல்ட்! ஆனாலும் மறைக்கலை. 15 வருஷ முடிவுகளை 1999-ல முழுசா வெளியிட்டாங்க. (பயந்துடாதீங்க. குழந்தைகளுக்கு வர்ற மூளைக்காய்ச்சல் மாதிரி கடுமையான காசநோய்களைத் தடுக்கிறதால, பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. போடுறது இன்னிக்கும் தொடருது. கண்டிப்பா போடணும்.)

இதுல நான் கத்துக்கிட்டது ரெண்டு. ஒண்ணு, ஃபில்டருக்கு ஒரு காரணம் இருந்தது. விடை நல்லா வரணும்னு போட்ட ஃபில்டர் இல்லை அது. ரெண்டு, ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் இருந்தாங்க, எத்தனை பேர் குறைஞ்சாங்கன்னு எழுதி வெச்சாங்க. அதனாலதான் நாம இன்னிக்கும் 560-ல இருந்து 3,66,625 வரைக்கும் படியேறிப் போய்ப் பார்க்க முடியுது.

இன்னொரு விஷயம் தெரியுமா? அந்த 3,66,625 பேரை பழைய எக்ஸெல் 2003-ல ஏத்தவே முடியாது. அதுல மொத்தமே 65,536 வரிதான். 2007 வெர்ஷன்லதான் 10,48,576 ஆச்சு. 'அதனால என்ன?'ன்னு கேட்கிறவங்களுக்கு: 2020 செப்டம்பர் கடைசியில இங்கிலாந்துல 15,841 கொரோனா நோயாளிகள் கணக்குல வராமப் போனாங்க. காரணம், யாரோ பழைய எக்ஸெல் ஃபைல் வடிவத்தைப் பயன்படுத்தினதுதான். வரி தீர்ந்து போச்சு, மிச்சம் பேர் ஏறலை. அவங்களோட பழகினவங்களை உடனே எச்சரிக்க முடியலை. ஃபில்டராவது மறைக்கத்தான் செய்யும். இது ஆளையே உள்ளே விடலை!

சரி, நாம என்ன பண்ணலாம்?

ஃபில்டர் போடுறதுக்கு முன்னாடி மொத்த வரி எத்தனைன்னு எழுதி வெச்சுக்கோங்க. போட்டதும் கீழே ஸ்டேட்டஸ் பார்ல 'இத்தனைக்கு இத்தனை'ன்னு ஒரு கணக்கு காட்டும். அதைப் படிங்க.

அம்புக்குறியைத் திறந்ததும் டிக் அடிக்க அவசரப்படாதீங்க. பட்டியலை மேல இருந்து கீழ வரை ஒரு தடவை வாசிங்க. மாமல்லபுரமும் மகாபலிபுரமும் உங்களுக்கு ஒரே ஊர். எக்ஸெல்லுக்கு ரெண்டு ஊர்! கடைசியில இருக்கிற 'பிளாங்க்ஸ்'ஐயும் பாருங்க. ஒரு கட்டத்தை நிரப்பாம விட்ட பாவத்துக்கு அங்கே சிலர் உட்கார்ந்திருப்பாங்க.

டேட்டாவுக்கு நடுவுல முழுசா காலியான ஒரு வரி இருந்தா ஃபில்டர் அதோட நின்னுடலாம். அதனால முழு ஏரியாவையும் செலக்ட் பண்ணிட்டு அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், எல் அழுத்துங்க.

கூட்டல் போடும்போது 'சம்' போட்டா மறைஞ்ச வரிகளையும் சேர்த்துக் கூட்டும். கண்ணுக்குத் தெரியறதை மட்டும் கூட்டணும்னா 'சப்டோட்டல்' போடுங்க.

முக்கியமா, ரிப்போர்ட்ல விடைக்குப் பக்கத்துலயே என்ன ஃபில்டர் போட்டீங்கன்னு ஒரு வரி எழுதுங்க. முடிச்சதும் ஃபில்டரை எடுத்துட்டு ஃபைலை அனுப்புங்க. இல்லேன்னா வாங்கறவர் 'இவ்வளவு பேர்தான் போல'ன்னு நம்பிடுவார்.

படிச்சு முடிச்சு வேலைக்குப் போனா நம்மள்ல பாதிப் பேர் ஏதோ ஓர் ஆபீஸ்ல இந்த அம்புக்குறிகளைத்தான் கிளிக் பண்ணப் போறோம். அப்போ ஷீட்ல தெரியப்போற ஒவ்வொரு வரிக்கும் பின்னாடி ஒரு வீடு, ஒரு ஃபீஸ், ஒரு கம்மல் இருக்கும். அதுவரைக்கும், ஃபிரெண்ட்ஸ், உங்ககிட்டயோ உங்க வீட்டுல யார்கிட்டயோ ஒருத்தர் "லிஸ்ட்ல பேர் இல்ல"ன்னு சொன்னா, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு திரும்பி வந்துடாதீங்க. சிரிச்ச முகத்தோட ஒரே ஒரு கேள்வி கேளுங்க:

"சார், எதை வெச்சு ஃபில்டர் போட்டிருக்கீங்க?"