இருக்கு, ஆனா எங்க இருக்கு?

நிரல் எழுதப் பழக வருகிறவர்கள் நின்றுபோவது பெரும்பாலும் முதல் நாளில்தான். லூப், ஃபங்க்‌ஷன் எல்லாம் வருவதற்கு முன்பே, இன்ஸ்டால் செய்த பைத்தான் எங்கே போனதென்று தெரியாமல், ‘இது நமக்கெல்லாம் வராது’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். அடுத்த வாரம் அந்த நாற்காலி காலியாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு நூலகத்தின் மாடியில் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். எல்லோரிடமும் வேறு வேறு மிஷின். யூடியூப் வீடியோவில் ஒரே ஒரு மிஷின்தான் இருக்கும்; அதில் எல்லாம் முதல் தடவையிலேயே ஓடும்.

பி.காம் இரண்டாம் வருடம் படிக்கிற ஒரு பெண் வந்தாள். அவள் கொண்டுவந்தது அண்ணன் பிளஸ் டூ படித்தபோது வாங்கிய அரசு இலவச மடிக்கணினி. யாரோ அதில் உபுண்டு 20.04 போட்டுக் கொடுத்திருந்தார்கள். ‘பைத்தான்’ என்று தட்டினாள். ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’.

“என்னுதுல இல்லையாம்க்கா. பழைய லேப்டாப்ல. பரவால்ல, நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கறேன்.”

அந்தப் ‘பரவால்ல’தான் எனக்குப் பயம். அப்படிச் சொல்லிப் பழகியவர்கள் இரண்டாவது முறை கேட்க மாட்டார்கள்.

உண்மையில் நடப்பது இதுதான். டெர்மினலில் ஒரு பெயரைத் தட்டினால் கணினி முழு டிஸ்க்கையும் துழாவுவதில்லை. பாத் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. சில ஃபோல்டர்களின் பெயர்கள், அவ்வளவே. வரிசையாக ஒவ்வொன்றிலும் பார்க்கும். முதலில் கிடைப்பதை எடுத்து ஓட்டும். எதிலும் இல்லையென்றால் ‘நாட் ஃபவுண்ட்’. தெரிந்த நாலு தெருவில் விசாரித்துவிட்டு, ‘அப்படி ஒருத்தர் ஊர்லயே இல்ல’ என்று திரும்பி வருகிற ஆள் மாதிரி.

அவள் விஷயத்தில் தெரு சரி, பெயர்தான் வேறு. பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதி முடிந்தது. நடுவில் பதினொரு வருடம் இரண்டும் ஒன்றாகவே வாழ்ந்ததால் புதியதற்கு ‘பைத்தான்3’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. உபுண்டு 20.04-இல் வெறும் ‘பைத்தான்’ கிடையாது.

“விச் பைத்தான்3னு போடு” என்றேன். ‘/யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3’ என்று வந்தது.

“நான் எதையுமே டவுன்லோடு பண்ணலையேக்கா?”

பண்ண வேண்டியதில்லை. உபுண்டுவின் பல உள்வேலைகளே பைத்தானில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. லேப்டாப்பில் உபுண்டு ஏறிய நாளிலிருந்து அது அங்கே இருந்திருக்கிறது. அதனால்தான் அதை அழிக்கவும் கூடாது; அழித்தால் சிஸ்டமே தடுமாறும்.

அவளுக்கு எதிரே புது விண்டோஸ் லேப்டாப்போடு ஒரு பையன். இன்ஸ்டாலர் வெற்றி என்று சொல்லிவிட்டது. ‘பைத்தான்’ என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறது. 2019 மே அப்டேட்டிலிருந்து விண்டோஸில் பைத்தான் பெயரில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. பைத்தான் இல்லாதவர்களை ஸ்டோருக்குக் கூட்டிப்போவதற்காக. ‘வேர் பைத்தான்’ என்று கேட்டால் ‘விண்டோஸ்ஆப்ஸ்’ என்ற ஃபோல்டரைக் காட்டும். போய்ப் பார்த்தால் அந்த ஃபைலின் அளவு 0 பைட். பெயர்ப்பலகை மட்டும், வீட்டில் ஆள் இல்லை. நிஜ பைத்தான், ‘ஆப்டேட்டா’ என்ற மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் நாலைந்து படி இறங்கி உட்கார்ந்திருக்கிறது. இன்ஸ்டாலரின் முதல் திரையில், பாத்தில் சேர்க்கவா என்று கேட்கிற சின்னக் கட்டம் டிக் ஆகாமலேதான் வரும். இப்போது என்ன வழி? ‘பை -0பி’ என்று தட்டினால் போதும். இருக்கிற பைத்தான்கள் அத்தனையும் முகவரியோடு வரும்.

மேக்கில் சிக்கல் தலைகீழ். அங்கே பைத்தான் ஒன்றுக்கு மேல் கிடைக்கும். டெவலப்பர் கருவிகளோடு வருவது ஒன்று. ஹோம்ப்ரூ போடுவது இன்னொன்று. அதுவும் இன்டெல் மேக்கில் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ பக்கம், ஆப்பிள் சிப் மேக்கில் ‘/ஆப்ட்/ஹோம்ப்ரூ’ பக்கம். பிப் ஒன்றுக்குள் லைப்ரரியைப் போட்டுவைக்க, நிரல் இன்னொன்றில் ஓடும். ‘இப்பதானே இன்ஸ்டால் பண்ணேன்!’ என்று அலறுவார்கள். ‘விச் -ஏ பைத்தான்3’ என்று கேட்டால் பாத்தில் உள்ள எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும்.

மூன்று சிஸ்டத்துக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. பைத்தானுக்குள்ளேயே போய் ‘சிஸ்’ மாட்யூலை இம்போர்ட் செய்து, ‘சிஸ்.எக்ஸிகியூட்டபிள்’ என்னவென்று பிரின்ட் செய்வது. ஓடிக்கொண்டிருக்கிற பைத்தான், தான் எங்கிருந்து ஓடுகிறேன் என்று தானே சொல்லும்.

இதெல்லாம் பெரிய ரகசியமில்லை. வீட்டில் ஐடியில் வேலை பார்க்கிற சித்தப்பா இருந்தால் இரண்டு நிமிட ஃபோன்காலில் முடிகிற விஷயம். அப்படி யாரும் இல்லாத வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தச் சிவப்பு எழுத்து வேறு மாதிரி கேட்கிறது. ‘இந்த ஃபோல்டர்களில் இல்லை’ என்று மிஷின் சொல்வதை, ‘உனக்கு இல்லை’ என்று வாங்கிக்கொள்கிறார்கள். பள்ளியிலும் கவுன்டர்களிலும் அதைக் கேட்டுப் பழகிய காது அது.

அதனால் என் முதல் வகுப்பில் நிரலே கிடையாது. ஆளுக்கொரு வெள்ளைத்தாள். அவரவர் மிஷினில் பைத்தான் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடித்து, முழுப் பாதையையும் கையால் எழுத வேண்டும். எல்லாத் தாளையும் சுவரில் ஒட்டுவோம். ஒன்றுபோல் ஒன்று இருக்காது, யாருடையதும் தப்பில்லை. இப்போதும் சிலர் நின்றுவிடுகிறார்கள். ஆனால் லூப்பைப் பார்த்துவிட்டு நிற்கிறார்கள்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவன், பாதையை எழுதிவிட்டு அதற்குக் கீழே தன் வீட்டு விலாசத்தையும் பின்கோடோடு எழுதியிருந்தான்.

“இது எதுக்குடா?”

“ரெண்டும் அட்ரஸ்தானேக்கா” என்றான். அப்படியே சுவரில் ஒட்டினோம்.