எட்டாவது இருக்கை

ஒரு குடும்பம் எவ்வளவு பெரியது என்ற கேள்விக்கு ரேஷன் கார்டு ஒரு பதிலைச் சொல்கிறது. கல்யாணப் பத்திரிகை வேறொரு பதிலைச் சொல்கிறது. அந்தக் குடும்பம் வாங்கும் வண்டி மூன்றாவதாக ஒரு பதிலைச் சொல்கிறது. மூன்றிலும் கறாரானது அதுதான். கார்டில் பெயர் சேர்க்கலாம், நீக்கலாம். பத்திரிகையில் தாய்மாமன்களை வரிசையாக அடுக்கலாம். வண்டியின் இருக்கைகளோ எண்ணி வைக்கப்பட்டவை. எண்ணிக்கைக்கு வெளியே நிற்பவர் யார் என்பது வண்டி புறப்படும் நேரத்தில் வாசலில் தெரிந்துவிடும்.

சித்தையன்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் அப்படி நிற்பவர் அத்தை. அப்பாவின் தங்கை. இளம்வயதில் கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். வீட்டில் இப்போது அம்மா, அத்தை, தம்பி, அவன் மனைவி, மூன்று பிள்ளைகள் என ஏழு பேர். சென்னையிலிருந்து வந்து போகும் என்னைச் சேர்த்தால் எட்டு. மதுரையில் அம்மாவுக்கு மருத்துவம், பழனியில் பிள்ளைகளுக்கு முடியிறக்குதல், உறவில் ஒரு சாவு என்று எதுவானாலும் செம்பட்டிக்குப் போய்ப் பேருந்து மாற வேண்டும், அல்லது வாடகைக்குக் கார் பேச வேண்டும். நால்வர் அமரும் காரில் ஐந்து பேர் நெருக்கிக்கொள்வார்கள். "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டப் பாத்துக்குறேன்" என்பார் அத்தை. பூட்டிவிட்டுப் போகக்கூடிய வீட்டை ஒருவர் ஏன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அதைக் கேட்காமலிருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்பதுபோல ஒரு வழக்கம் உருவாகிவிட்டிருந்தது.

தம்பி ஒரு வேன் வாங்கலாம் என்று சொன்னபோது எனக்குத் தோன்றியது இதுதான்: விலை, மைலேஜ் எல்லாவற்றுக்கும் முன்னால், அத்தை எங்கே உட்காருவார் என்று பார்க்க வேண்டும்.

*

எங்கள் பக்கத்தில் குடும்பத்துக்கான சிறிய வேன் என்ற எண்ணமே மாருதியின் வழியாக வந்தது. அதற்கு முன்பு வேன் என்றால் வாடகைக்குப் பேசும் மெட்டடார். கல்யாணத்துக்கும் கோவிலுக்கும் ஊரே ஏறிப் போவது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. அடுத்த ஆண்டே அதன் 796 சி.சி. எஞ்சினை வைத்து ஒரு வேனும் வந்தது. பின்னாளில் ஆம்னி என்று பெயர் மாறிய பிறகும் கிராமங்களில் அது 'மாருதி வேன்' தான். ஒரே வண்டி பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியது, ஆம்புலன்ஸாக ஓடியது, பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டால் நிலக்கோட்டைச் சந்தைக்குப் பூமூட்டை கொண்டுபோனது. திரைப்படங்களில் கதாநாயகியைக் கடத்தியதும் அதுவேதான். எல்லோருக்கும் என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயருக்கு அந்த வண்டி உண்மையாகவே இருந்தது.

இதில் சட்டப்படியும் ஒரு சுவாரசியம் உண்டு. ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றிச்செல்லும்படி அமைந்த வண்டியை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ஆம்னிபஸ் என்று வரையறுக்கிறது. நாம் இரவில் ஏறும் தனியார் ஆம்னி பஸ்ஸுக்குப் பெயர் வந்தது இந்தச் சொல்லிலிருந்து. ஐந்து பேர் அமரும் மாருதி ஆம்னி இந்த வரையறைக்குள் வராது. எட்டுப் பேர் அமரும் வகை வரும்.

அப்பா வைத்திருந்தது அந்த எட்டு இருக்கை வகை. நடு இருக்கை பின்னோக்கித் திருப்பிப் போடப்பட்டிருந்தது. ஆகவே பின்னால் இருந்தவர்கள் திண்ணையில் அமர்ந்ததுபோல எதிரும் புதிருமாக அமர்ந்து பேசிக்கொண்டு வந்தார்கள். தள்ளுகதவு அகலமாகத் திறக்கும், தரை தாழ்வு. கூன் விழுந்த பாட்டியும் கைத்தாங்கல் இல்லாமல் ஏறிவிடுவார். அந்தக் காலத்தில் அத்தை வீட்டைப் பார்த்துக்கொண்டதில்லை. அப்பா இறந்தபின் வண்டி விற்கப்பட்டது. அதன்பிறகுதான் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது.

நினைவு இவ்வளவு இனிமையாக இருப்பதால், இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆம்னியில் எஞ்சின் முன்னிருக்கைகளுக்கு அடியில் இருந்தது. ஓட்டுபவரின் முழங்காலுக்கும் எதிரே வரும் லாரிக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு தகடு மட்டுமே. பெட்ரோல் விலைக்குப் பயந்து சமையல் எரிவாயு சிலிண்டரைச் சட்டவிரோதமாக உள்ளே வைத்து ஓட்டியவர்கள் உண்டு. அப்படித் தீப்பிடித்த வண்டிகளும் உண்டு. இந்தியாவில் மோதல் சோதனை விதிகள் 2019இல் எல்லாப் பயணியர் கார்களுக்கும் கட்டாயமாகவிருந்தன. ஆம்னியால் அவற்றை நிறைவுசெய்ய இயலாது. அவ்வாண்டே, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, அதன் உற்பத்தி நின்றது. எல்லோரையும் ஏற்றிக்கொண்ட வண்டி எவரையும் காப்பாற்றும் வண்டியாக இருக்கவில்லை என்பதே அதன் வரலாற்றின் சுருக்கம் என்று சொல்லலாம்.

*

தம்பியின் முதல் விருப்பம் பழைய வண்டிதான். ஒரு லட்சத்துக்கும் இரண்டு லட்சத்துக்கும் இடையில் ஆம்னிகள் கிடைக்கும் என்றான். திண்டுக்கல்லிலும் வத்தலக்குண்டிலுமாகச் சில வண்டிகளைப் பார்த்தோம். உடன் வந்த மெக்கானிக் ஒரு சிறு காந்தத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பதுபோல அதைக் கதவுகளில் வைத்துப் பார்த்தார். தகடு இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும்; துருவை மறைக்கப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த இடத்தில் நழுவி விழும். ஒரு வண்டியில் காந்தம் ஒட்டிய இடங்களை எண்ணுவதே எளிதாக இருந்தது.

அவரிடம் அன்று கற்றவை பழைய வேன் வாங்கும் எவருக்கும் பயன்படும். தரைவிரிப்பைத் தூக்கித் தரையைப் பார்க்க வேண்டும். தள்ளுகதவு ஓடும் தண்டவாளத்தில் துருவேறியிருக்கிறதா என்று விரலால் தடவ வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது நாம் அங்கே இருக்க வேண்டும். ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கி வைத்த எஞ்சின் பொய் சொல்லும். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கிலோமீட்டர் எண்ணை நம்பலாகாது. பிரேக் பெடலின் ரப்பர் தேய்மானத்தையும் ஓட்டுநர் இருக்கையின் குழிவையும் நம்பலாம். வெறும் வண்டியை ஓட்டிப் பார்ப்பது பெண் பார்க்கப் போய்ப் போட்டோவைப் பார்த்துவிட்டு வருவது போன்றது. ஏழெட்டுப் பேரை ஏற்றி ஒரு மேட்டில் நிறுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். பிறகு காகிதங்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்று வேண்டும். 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றம் முடியும்வரை விடக்கூடாது.

இவற்றையெல்லாம் தாண்டி ஒரு வண்டி தேறினாலும் வயது இருக்கிறது. சொந்த உபயோக வண்டிக்கு முதற்பதிவு பதினைந்து ஆண்டுகள். அதற்குப் பின் தகுதிச் சோதனை, பசுமை வரி, மறுபதிவு. காருக்கான மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. இருபது ஆண்டுகளைத் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கப்பட்டது.

என்னை உண்மையில் நிறுத்தியது காப்பீடு. பழைய வண்டிக்குப் பெரும்பாலும் மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டுமே எடுக்கிறார்கள். சட்டத்துக்கு அது போதும். ஆனால் அது சாலையில் செல்பவருக்கான பொறுப்பு. சொந்த வண்டிக்குள் அமர்ந்திருக்கும் உறவினர்களை அது பொதுவாகத் தன் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்கு முழுமையான பாலிசி வேண்டும். ஆக, அத்தைக்கு இருக்கை தருகிறோம் என்று மகிழ்ந்து நாம் வாங்கும் மலிவு வண்டியில், சாலையில் போகும் அந்நியருக்கு இருக்கும் பாதுகாப்புகூட அத்தைக்கு இருக்காது. தம்பிக்கு இதை விளக்கியபோது வெகுநேரம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் புது வண்டிகளைப் பற்றிப் பேசினான்.

*

புது வண்டிகளில் முதலில் ஈக்கோ. 2001இல் வெர்ஸா என்ற பெயரில் வந்து விலைபோகாத வேனின் அலங்காரங்களைக் கழித்து 2010இல் கொண்டுவரப்பட்டது. விலை குறைந்ததும் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். 2023க்குள் பத்து லட்சத்துக்கு மேல் விற்றிருந்தது. 1.2 லிட்டர் எஞ்சின், தள்ளுகதவு, பழுது பார்க்க எந்த ஊரிலும் ஆள். ஆனால் 2016இல் குளோபல் என்கேப் அமைப்பு ஏர்பேக் இல்லாத ஈக்கோவை மோதிப் பார்த்தபோது அது பெற்றது பூஜ்ய நட்சத்திரம். 2025இல் ஆறு ஏர்பேக்குகள் வந்தன. கூடவே ஏழு பேர் அமரும் வகை போய் ஆறு பேர் அமரும் வகை வந்தது. பாதுகாப்பு கூடியபோது ஒரு இருக்கை குறைந்தது. எங்கள் வீட்டில் அந்த ஒன்றுக்கு ஒரு பெயர் உண்டு.

எர்டிகா நல்ல வண்டி. 2012இல் வந்தது. பழையதாகவும் ஏராளமாகக் கிடைக்கிறது. முதல் தலைமுறையின் விலை குறைந்த வகைகளில் ஏர்பேக் இல்லை என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். புதிதாக வாங்கினால் வரி இடிக்கிறது. இங்கே நான்கு மீட்டர் கணக்கு ஒன்று இருக்கிறது. நான்கு மீட்டருக்கு மேற்படாத, 1,200 சி.சி.க்கு உட்பட்ட பெட்ரோல் கார் சிறிய கார் என்று 2006 பட்ஜெட்டில் ஒரு கோடு போடப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கோட்டுக்குள் இருப்பவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், வெளியே இருப்பவற்றுக்கு 40 சதவீதம். எர்டிகாவின் நீளம் 4.4 மீட்டரை ஒட்டியது. பெரிய குடும்பம் ஆடம்பரம் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் அளவுகோலை வைத்துப் பார்த்தால் பாட்டிக்கும் அத்தைக்குமான நாற்பது சென்டிமீட்டருக்கு ஆடம்பர வரிதான் விழுகிறது.

இந்தக் கோட்டுக்குள் ஏழு பேரை அடக்கும் முயற்சியாக 2019இல் வந்தது ட்ரைபர். நீளம் 3,990 மில்லிமீட்டர். எல்லைக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ளே. வரிக் குறைப்புக்குப் பின் ஈக்கோவைப் போலவே இதன் ஆரம்ப ஷோரூம் விலையும் ஆறு லட்சத்துக்குள் இருந்தது. குளோபல் என்கேப் சோதனையில் 2021இல் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் நான்கு நட்சத்திரம் பெற்றது. சோதனை விதிகள் 2022இல் கடுமையாக்கப்பட்டதால் அந்த நான்கை இன்றைய நான்கோடு ஒப்பிடக்கூடாது. ஆனால் பூஜ்யத்தோடு ஒப்பிடலாம். கடைசி வரிசையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத் தேங்காய் ஏற்றலாம்.

குறைகளும் உண்டு. 999 சி.சி. எஞ்சின், 72 குதிரைத்திறன். ஏழு பேரோடு வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலை ஏறினால் முனகும். ஆனால் எங்கள் வீட்டார் கொடைக்கானல் போவது பத்தாண்டுக்கு ஒருமுறை. மதுரைக்கும் பழனிக்கும் சமவெளியிலேயே போய்விடலாம். எப்போதாவது போகும் ஊருக்காக வண்டி வாங்குபவர்கள் தினமும் போகும் ஊருக்கான செலவை அதற்குக் கொடுக்கிறார்கள். ஏழு பேரும் அமர்ந்தால் பின்னால் 84 லிட்டர் இடம்தான். கட்டுச்சோற்றுத் தூக்குக்கும் ஒரு பைக்கும் சரியாக இருக்கும். கடைசி வரிசைக்குக் குனிந்து நுழைய வேண்டும். அது பிள்ளைகளுக்குத்தான் சரிப்படும். எல்லோரும் முன்னோக்கியே அமர வேண்டும். எதிரெதிரே பேசிக்கொண்டு போவது ஆம்னியோடு முடிந்துவிட்டது. அதற்கு ஈடாகக் கிடைப்பது ஒவ்வொருவருக்கும் ஒரு சீட் பெல்ட். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் விபத்தில் இறந்தது விலையுயர்ந்த காரின் பின்னிருக்கையில், பெல்ட் அணியாமல். வண்டியின் விலை மட்டும் யாரையும் காப்பதில்லை.

விற்பனையகத்துக்கு அத்தையையும் அழைத்துப் போகச் சொன்னேன். அவர் வழக்கமான பதிலைச் சொன்னார். இந்த முறை தம்பி மனைவி, "நீங்க ஏறிப் பாத்துச் சொன்னாத்தான் சின்னம்மா வாங்குறது" என்று விடாமல் கூட்டிப் போனாள். நடு வரிசையில் இடதுபக்கக் கதவை ஒட்டி அத்தை ஏறி அமர்ந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரே முயற்சியில். பெல்ட்டை மாட்டிவிட்டபோது, "இதென்னடா, குழந்தையத் தொட்டில்ல கட்டுற மாதிரி" என்றாராம். இறங்கச் சொன்ன பிறகும் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

மலிவு என்ற சொல்லை நாம் விலையோடு மட்டும் சேர்த்துப் பழகிவிட்டோம். குடும்பத்துக்கான வண்டியைப் பொறுத்தவரை, "நான் வரவில்லை" என்று முதலில் சொல்லக்கூடியவர் எளிதாக ஏறி அமர அதில் ஓர் இடம் இருக்கிறதா, அந்த இடத்தில் அவருக்கு ஒரு பெல்ட்டும் காப்பீடும் இருக்கின்றனவா என்பதே கணக்கு. அந்த இரண்டும் இல்லாத வண்டி எந்த விலைக்கு வந்தாலும் கூடுதல் விலைதான்.

ட்ரைபருக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது; முழுமையான பாலிசியோடு. ஏழு இருக்கைகள், வீட்டில் ஏழு பேர். எட்டாவது ஆளுக்கு அதில் இடமில்லை. எனக்கென்று ஏற்கெனவே ஒரு வண்டி இருக்கிறது. சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் ஆம்னி பஸ்.