ஒரு பாக்கெட், மூன்று தேசம்!

வெளிநாடு புறப்படும் நம்மவர் கைப்பையில் முன்பெல்லாம் மூன்று ஐட்டங்கள் கட்டாயம் இருக்கும். பாஸ்போர்ட், ஊறுகாய், அப்புறம் போனிலிருந்து சிம் கார்டைக் கழற்ற ஒரு குண்டூசி. விமானம் தரையிறங்கியதும் சிம்மை மாற்றப் போய், அந்த நகக்கண் சைஸ் சமாச்சாரம் சீட்டுக்கு அடியில் விழுந்து, பக்கத்து சீட் மாமியின் காலடியில் டார்ச் அடித்துத் தேடி முறைப்பு வாங்கியவர்கள் ஏராளம்.

பாஸ்போர்ட் இன்றைக்கும் இருக்கிறது. ஊறுகாயும் இருக்கிறது. குண்டூசிக்கு மட்டும் வேலை போய்விட்டது. காரணம், ஈ-சிம்.

பறக்கும் ஈக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 'எம்பெட்டட்' என்பதன் முதல் எழுத்து. போனுக்குள்ளேயே நிரந்தரமாக ஒரு சில்லு பதித்திருப்பார்கள். கம்பெனிக்காரன் கார்டு தருவதில்லை. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஒரு க்யூ.ஆர். படம் அனுப்புகிறான். அந்தப் படத்துக்குள் இருப்பது ஒரு சர்வரின் விலாசமும் ஒரு ரகசியக் குறியீடும்தான். போன் அந்த விலாசத்துக்குப் போய், குறியீட்டைச் சொல்லி, உங்கள் கணக்கை வாங்கிக்கொண்டு வந்து சில்லில் உட்கார வைக்கும். இதற்குப் பெயர் 'ப்ரொஃபைல்'. இப்படி ஒரே போனில் ஏழெட்டு ப்ரொஃபைல்கள்கூட வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே சமயத்தில் இரண்டுதான் விழித்திருக்கும். வீட்டில் எட்டுப் பேர், வாசலில் ரெண்டே நாற்காலி!

1991-ல் ஜெர்மனியின் கீஸெக் அண்ட் டெவ்ரியன்ட் கம்பெனி பின்லாந்துக்காக முதல் சிம் கார்டுகளைச் செய்தபோது, சிம் என்பது முழு கிரெடிட் கார்டு சைஸ். அப்புறம் மினி, மைக்ரோ, நானோ என்று இளைத்துக்கொண்டே வந்தது. 2022-ல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-ல் சிம் செருகும் ட்ரேயே கிடையாது. டயட் என்றால் இதுவல்லவா டயட்!

மூன்று காப்பி

நாங்கள் போனது சிங்கப்பூருக்கு ஐந்து நாள். நடுவில் ஒரு ராத்திரி, கடல் தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவில் தங்கல். கூட வந்தவர் எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் சீனியர். (பெயர் வேண்டாம். இந்தப் பத்திரிகையை அவரும் படிக்கிறார்.) ஸ்டேப்ளர் பின்னைக்கூட எண்ணிக் கொடுக்கிற மனுஷர்.

ஆளுக்கு ஒரு சிங்கப்பூர் ப்ரொஃபைல், ஒரு மலேசியா ப்ரொஃபைல் வாங்கினோம். ஈ-மெயிலில் படம் வந்தது. ஸார் நேரே என் மேஜைக்கு வந்தார்.

"என்னப்பா இது, படம் என் போனுக்குள்ள இருக்கு. அதை என் போனே எப்படிப்பா பார்க்கும்? என் முதுகை நானே பார்க்கிற மாதிரி இல்ல?"

நியாயமான கேள்வி. சில புது போன்களில் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாலே போதும். இல்லாவிட்டால் குறியீட்டைக் கையால் டைப் அடிக்கலாம். அல்லது மனைவியின் போனுக்கு அனுப்பி, அதைக் காட்டலாம். ஸார் நாலாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். ஆபீஸ் பிரிண்டர். மூன்று காப்பி எடுத்து, பஞ்ச் பண்ணி, ஃபைல் போட்டுவிட்டார்.

இறக்கிவைக்கிற வேலையைப் புறப்படும் முன்பே, வீட்டு வைஃபையில் முடித்துவிடுவது உத்தமம். இன்டர்நெட் இல்லாமல் ஈ-சிம் இறங்காது. ஈ-சிம் இல்லாமல் அங்கே இன்டர்நெட் கிடையாது. ஆனால் வேலிடிட்டி எப்போது ஆரம்பம் என்று படித்துக்கொள்ளுங்கள். சில பிளான்கள் அந்த ஊர் டவரைத் தொட்டதும் ஓட ஆரம்பிக்கும். சில, இறக்கிய நிமிஷமே! ஒவ்வொரு லைனுக்கும் பெயரும் சூட்டலாம். நான் வைத்தது வீடு, சிங்கை, ஜொகூர்.

விருந்தாளி லைன்

சாங்கி ஏர்போர்ட். ஸாரின் போனில் சிக்னல் கட்டம் முழுசாக நிற்கிறது. இன்டர்நெட் மட்டும் வரவில்லை.

"ஏமாத்திட்டான்ப்பா" என்றார்.

யாரும் ஏமாற்றவில்லை. 'வெளிநாட்டில் டேட்டா ரோமிங்கைத் தொட்டால் சொத்து போய்விடும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எல்லா லைனுக்கும் அதை அணைத்து வைத்திருந்தார். டூரிஸ்டுகளுக்கு விற்கும் ஈ-சிம்களில் பல, வேறு ஏதோ ஒரு நாட்டுக் கம்பெனியுடையவை. சிங்கப்பூர் டவரில் அதுவும் நம்மைப் போல விருந்தாளிதான். ரோமிங் போட்டால்தான் உள்ளே விடுவார்கள்.

ஆகவே, விருந்தாளி லைனுக்கு ரோமிங் ஆன். வீட்டு லைனுக்கு டேட்டா ரோமிங் ஆஃப். இன்னொரு குட்டி சுவிட்ச் ஒளிந்திருக்கும்: 'ஒரு லைனில் டேட்டா சரியில்லை என்றால் இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளவா?' என்று பவ்யமாகக் கேட்கும். தலையாட்டாதீர்கள். நாம் அசந்த நேரத்தில் இந்திய லைனில் டேட்டா ஓடிவிடக்கூடும். பில் ஊருக்குத் திரும்பியதும் பேசும்.

அப்படியானால் வீட்டு லைனை மொத்தமாக அணைத்துவிட்டால் என்ன? அதற்குப் பதில் சிராங்கூன் ரோட்டில் கிடைத்தது.

"நான்தான் உங்க நம்பர்!"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியா. தேக்கா மார்க்கெட்டிலிருந்து முஸ்தபா வரைக்கும் புதுக்கோட்டையும் சிவகங்கையும் ராமநாதபுரமும் செருப்புத் தேயத் தேய நடக்கின்றன. வாரத்தில் ஆறு நாள் வேலை. இந்த ஒரு நாள் ஊர்ப் பேச்சு.

டீக்கடையில் பக்கத்தில் நின்றவர் கப்பல் பட்டறையில் வெல்டர். முப்பது வயதிருக்கும். ஸார் 'வீடு' லைனை அணைக்கலாமா என்று என்னிடம் கேட்டது அவர் காதில் விழுந்துவிட்டது.

"அதை மட்டும் பண்ணிடாதீங்க சார்" என்றார்.

"ஏன் தம்பி?"

"நான் 2019-ல வந்தேன். இந்தியா சிம்மைக் கழட்டிப் பெட்டியில போட்டுட்டேன். இங்கதான் வேற நம்பர் இருக்கே! ரீசார்ஜும் பண்ணலை. நம்பர் செத்துப்போச்சு. கொஞ்ச நாள் கழிச்சு வேற யாருக்கோ குடுத்துட்டாங்க. அந்த நேரம் பார்த்து தங்கச்சிக்குக் கல்யாணம். நகைக் கடைக்குப் பணம் கட்டணும். பணம் என் அக்கவுண்ட்லதான் இருக்கு. ஆனா ஓ.டி.பி. யாரோ ஒரு ஆளுக்குப் போகுது."

"அப்புறம்?"

"என் பழைய நம்பருக்கே போன் போட்டேன் சார். ஒரு அம்மா எடுத்தாங்க. 'யாருப்பா நீ?'ன்னாங்க. என்ன சொல்றது? 'நான்தான் உங்க நம்பர்'னா?"

சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அவர் சிரிப்பு முதலில் நின்றது.

"பேங்க்ல, நேர்ல வந்து எழுதிக் குடுத்தாதான் மாத்துவோம்னுட்டாங்க. புதுசா வந்தவனுக்கு லீவு ஏது? கடைசியில எங்கம்மா காதுத் தோட்டைக் கழட்டி அடகு வெச்சாங்க. பையன் சம்பாதிச்ச பணம் பேங்க்ல கெடக்கு, அம்மா தோடு அடகுக் கடையில கெடக்கு."

ஸார் டீயைக் குடிக்காமல் நின்றார்.

இந்தியாவில் 90 நாள் எந்த உபயோகமும் இல்லாத ப்ரீபெய்ட் நம்பரைக் கம்பெனி முடக்கலாம். 20 ரூபாயாவது பாலன்ஸ் இருந்தால் காப்பாற்ற வழி உண்டு. 2013-ல் டிராய் போட்ட விதி இது. பெட்டியில் கிடந்த சிம்மில் அந்த இருபது ரூபாய் இல்லை. ஒரு தோட்டின் விலை இருபது ரூபாய்!

இப்போது அவர் இந்திய நம்பரை ஈ-சிம்மாக மாற்றிப் போனுக்குள் இறக்கிவிட்டார். ட்ரேயில் சிங்கப்பூர் கார்டு. இரண்டும் விழித்திருக்கின்றன. "அம்மா போன் பண்ணினா எடுக்க மாட்டேன் சார், கட் பண்ணிட்டு வாட்ஸப்ல கூப்பிடுவேன். எடுத்தா காசு."

சூட்சுமம் அதுதான். வீட்டு லைன் பேசுவதற்கு அல்ல, ஓ.டி.பி.யை வாங்குவதற்கு. வருகிற எஸ்.எம்.எஸ்ஸுக்குப் பெரும்பாலும் காசில்லை; வருகிற காலை எடுத்தால் மீட்டர் ஓடும். சர்வதேச ரோமிங்கைப் புறப்படும் முன்பே போட்டு, ரேட்டையும் உங்கள் கம்பெனியிடம் கேட்டுவிடுங்கள். வாட்ஸப் பழைய நம்பரிலேயே, புது லைனின் டேட்டாவில் ஜோராக ஓடும்.

போன் முன்னே, நாம் பின்னே

கிராஞ்சி ஸ்டேஷனில் ஜொகூர் பஸ் ஏறினோம். வேலை விடும் நேரம். சிங்கப்பூரில் சம்பாதித்து மலேசியாவில் குடியிருப்பவர்கள் லட்சக்கணக்கில் உண்டு. விடிவதற்கு முன் வந்து, இருட்டியபின் திரும்புகிற கூட்டம். உட்லண்ட்ஸில் இறங்கி இமிக்ரேஷன், மறுபடி பஸ், கடல் தாண்டி இறங்கி மறுபடி இமிக்ரேஷன். நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: சிங்கப்பூர் விசா மல்டிபிள் என்ட்ரியா என்று பாருங்கள். போனால் திரும்பி வரவேண்டுமே!

நடுவில் இருப்பது 1924-ல் திறந்த காஸ்வே. பாலம் என்று சொன்னாலும் கடலில் கல் கொட்டி மேடாக்கிய சாலை. நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். மனிதனுக்கு இதைத் தாண்ட ஒரு மணி நேரம்கூட ஆகலாம். சிக்னலுக்கு அதெல்லாம் கிடையாது. பஸ் இன்னும் சிங்கப்பூரில்தான் நிற்கிறது. என் 'வீடு' லைனுக்கு 'மலேசியாவுக்கு நல்வரவு' என்று எஸ்.எம்.எஸ். வந்துவிட்டது! அக்கரை டவர் கொஞ்சம் பலமாக இருந்தால் போன் தாவிவிடும். சிங்கப்பூருக்கு மட்டும் ரோமிங் பேக் போட்டவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. நெட்வொர்க்கைத் தானாகத் தேடவிடாமல், நாமே ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிறுத்தி வைக்கலாம்.

பக்கத்தில் நின்றவர் ஜொகூர்த் தமிழர். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். அவர் போனிலும் ரெண்டு லைன். காஸ்வேயின் பாதி தூரத்தில் செட்டிங்ஸைத் திறந்து ஒரு சுவிட்சைத் தட்டினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

"என்னண்ணே அது?"

"சிங்கப்பூர் நம்பரு. பாஸ்கிட்ட இருக்கறது அது மட்டுந்தான். இங்க வந்ததும் படுக்க வெச்சிருவேன். காலையில நாலு மணிக்கு எழுப்பிக்கலாம்."

ஆபீஸ் போகும் உலகத் தோழர்களே, ஈ-சிம்மின் மகத்தான பயன் எதுவென்று எனக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது.

அணைப்பது வேறு, அழிப்பது வேறு

மறுநாள் காலை, லட்சக்கணக்கில் கண்ணாடித் துண்டுகள் பதித்த ராஜகாளியம்மன் கோயிலைப் பார்த்தோம். வெளியே வந்து வீடியோ காலில் மனைவிக்குக் கோபுரத்தைக் காட்டினார் ஸார். அம்மையார் "பின்னாடி தள்ளி நில்லுங்க, உங்க தலை மறைக்குது" என்றது துல்லியமாகக் கேட்டது. சபாஷ், 'ஜொகூர்' லைன்!

மத்தியானம் சிங்கப்பூர் திரும்பும்போது, "உபயோகம் இல்லாத லைனைக் க்ளீன் பண்ணிடறேன்" என்று ஆரம்பித்தார். நான் டீ வாங்கப் போன இரண்டு நிமிஷத்தில், ஜொகூருக்குப் பதில் சிங்கப்பூர் ப்ரொஃபைலை 'டெலீட்' பண்ணிவிட்டார். இன்னும் இரண்டு நாள் பாக்கி.

"பரவாயில்லப்பா, மூணு காப்பி இருக்கே!" என்று ஃபைலைத் திறந்தார். முதல் காப்பியைக் காட்டினார். 'இந்தக் குறியீடு ஏற்கெனவே உபயோகிக்கப்பட்டது' என்றது போன். இரண்டாவது காப்பியையும் காட்டினார். அக்கவுண்டன்ட் அல்லவா, மூன்றாவதையும் சரிபார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

பெரும்பாலான க்யூ.ஆர். படங்கள் ஒரு தடவைக்குத்தான். சினிமா டிக்கெட்டைப் பாதி கிழித்த மாதிரி. அணைத்து வைத்த லைனை எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம். அழித்ததை எழுப்ப முடியாது. புதுசாக வாங்கினோம். அழிந்தது அவருடைய 'வீடு' லைனாக இருந்தால்? சிராங்கூன் ரோட்டுத் தோடு எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். மீதி இரண்டு நாளும் செட்டிங்ஸ் பக்கமே போகவில்லை.

உங்கள் போனில் ஈ-சிம் உண்டா என்று பார்க்க *#06# அடியுங்கள். ஈ.ஐ.டி. என்று 32 இலக்கத்தில் ஒரு எண் வந்தால் உண்டு. இன்னொன்று: 'உங்கள் சிம்மை ஈ-சிம்மாக மாற்றுகிறோம், வந்த குறியீட்டைச் சொல்லுங்கள்' என்று எவனாவது போன் செய்தால் உடனே வையுங்கள். சொன்னீர்களானால் உங்கள் நம்பர் அவன் போனில் போய் உட்காரும். அப்புறம் ஓ.டி.பி. எல்லாம் அவனுக்குத்தான். இந்தக் காலத்து பிக்பாக்கெட், பாக்கெட்டில் கையே விடுவதில்லை.

போன் நம்பர் பேசுவதற்கு என்று இருந்த காலம் போய்விட்டது. அது இப்போது உங்கள் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள். எத்தனை தேசம் போனாலும், எத்தனை ப்ரொஃபைல் இறக்கினாலும், அதை மட்டும் உயிரோடு வைத்திருங்கள். பாஸ் கூப்பிடும் நம்பரைத் தாராளமாகத் தூங்கவிடலாம். அம்மா கூப்பிடும் நம்பரைத் தூங்கவிடாதீர்கள்.

ஓ.டி.பி.யும் அதில்தான் வருகிறது!