கோச்சியில் ஏறிக் கண்டிக் குளக்கரைக்கு



சுவிஸ் நாட்டில் வாழும் நம் நாட்டவர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். காலையில் கோச்சி ஏறி, லூசேர்ன் போன்ற ஏரிக்கரை நகரமொன்றில் இறங்குகிறார்கள். பகலெல்லாம் தண்ணீரோரம் நடந்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள். "நமக்கெங்கே அந்தக் கொடுப்பினை" என்று பெருமூச்சு விட வேண்டாம். நம் நாட்டிலும் அப்படியொரு நகரம் இருக்கிறது. அதற்கும் கோச்சிப் பாதை உண்டு. கல்முனை, நற்பிட்டிமுனைப் பக்கத்தவர்களான நமக்கு அந்த நகரத்தோடு நானூறு வருடத்துச் சொந்தமும் உண்டு. கண்டியைத்தான் சொல்கிறேன்.

நம் கரையோரத்தில் தண்டவாளம் கிடையாது. 1928 இல் மட்டக்களப்புக்கு வந்த புகையிரதம் அதற்குத் தெற்கே வரவேயில்லை. ஆகையால் நம் பிள்ளைகளுக்குக் கோச்சிப் பயணமே ஒரு புதினம். கல்முனையிலிருந்து கண்டிக்கு பஸ்ஸிலேயே போய்விடலாம்தான். ஆனால் வைத்தியம், வீசா, கலியாணச் சாமான் என்று கொழும்புக்குப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறோமல்லவா? அதில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயல் மலையகமெங்கும் மண்சரிவை உண்டாக்கி, புகையிரதப் பாதைகளையும் சிதைத்தது. எனவே வண்டி கண்டிவரை போகிறதா, எத்தனை மணிக்குப் போகிறது என்று நிலையத்தில் விசாரித்த பிறகே பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுங்கள்.

கொழும்புக் கோட்டையிலிருந்து கண்டிக்குச் சுமார் 120 கிலோமீற்றர். கடுகதி வண்டிக்கு ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் பிடிக்கும். கண்டிக்குப் போகும்போது வலப்பக்க ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். முதற் பாதி வழியெல்லாம் வயலும் தென்னந்தோட்டமும்தான். பொல்காவலையில் வடக்குப் பாதை பிரிந்துபோகும். மட்டக்களப்பு வண்டியில் வந்தவர்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும். ரம்புக்கனையைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பிக்கிறது. வண்டி மூச்சு வாங்குவதுபோல் மெதுவாக ஊரும். மலையைக் குடைந்த சுரங்கங்களுக்குள் நுழையும்போது சிறுசுகள் கூச்சல் போடுவார்கள். போடட்டும், வண்டியில் எல்லோரும் சிரிப்பார்கள். வலப்பக்கம் கீழே பள்ளத்தாக்கு, படிப்படியாய் வயல்கள், தூரத்தில் பெட்டி போன்ற ஒரு பாறை மலை. அதைப் பத்தலேகல என்பார்கள்.

வழியில் பலன என்றொரு சிறிய நிலையம் வரும். கண்டி இராச்சியத்தின் காவற்கோட்டை அங்கேதான் இருந்தது. போர்த்துக்கேயப் படைகள் ஏறி வரும்போதெல்லாம் முட்டி நின்ற வாசல் அது. அதே மலையில் வெள்ளைக்காரர் 1867 இல் கண்டிவரை தண்டவாளம் போட்டு முடித்தார்கள். நம்மை உல்லாசமாய் ஏற்றிச் செல்லவா? இல்லை, தோட்டங்களின் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கு!

கண்டி நிலையத்தில் இறங்கி, கடைத்தெரு வழியே சற்று நேரம் நடந்தால் குளம் வந்துவிடும். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்ற கடைசி மன்னன் 1807 இல் வெட்டத் தொடங்கிய குளம் இது. அதற்குமுன் அங்கே வயல்தான் இருந்தது. கட்டாய வேலைக்கு அழைக்கப்பட்ட குடிமக்களின் வியர்வை அதில் உண்டு. எட்டு வருடத்தில், 1815 இல், இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. மன்னன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832 இல் அங்கேயே இறந்துபோனான். குளத்தின் நடுவே தெரியும் சிறு தீவில் அரச குடும்பத்தார் இளைப்பாறினார்களாம். பிறகு ஆங்கிலேயர் அதில் வெடிமருந்தை வைத்தார்கள்.

குளத்தைச் சுற்றிச் சுமார் மூன்று கிலோமீற்றர் நடைபாதை இருக்கிறது. பெரிய மரங்களின் நிழல் உண்டு. கரையோரம் மீன்கள் கூட்டமாய் வரும், நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காயும். வயதான உம்மாமாருக்கு ஆசனங்களும் உண்டு. நகருக்குள் மீரா மக்காம் பள்ளிவாசல் இருக்கிறது. பெண்கள் தொழுவதற்கான இடத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன. ஆனாலும் வீட்டிலிருந்து சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போவதுதான் செலவுக்கும் வயிற்றுக்கும் நல்லது.

இனி அந்தச் சொந்தத்துக்கு வருவோம். 1626 இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். போக்கிடமின்றி வந்தவர்களுக்குக் கண்டி மன்னன் செனரத் இடம் கொடுத்தான். அவர்களில் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நம் அம்பாறை மாவட்டம் 1961 இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது என்பதை நினைவில் வையுங்கள். அதற்கு முன்பும் கிழக்கில் நம்மவர் இருந்தார்கள். அந்தக் குடியேற்றம் நம் ஊர்களுக்கு வலுச் சேர்த்தது. பின்னர் தவளம் எனப்படும் பொதிமாட்டு வரிசைகளில் உப்பும் கருவாடும் ஏற்றி மலைக்குப் போனவர்களிலும், பாக்கோடு திரும்பியவர்களிலும் முஸ்லிம்கள் ஏராளம். அரண்மனையில் முஸ்லிம் வைத்தியர்களும் இருந்தார்கள்.

இதை நான் வலிந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. 2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அடுத்த வாரமே கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பக்கங்களில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. மார்ச் 6 இல் அவசரகால நிலை பிரகடனமானது. அதற்குப் பிறகு, "கண்டிப் பக்கம் நமக்கு என்ன வேலை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதே" என்று சொல்லும் உம்மாமாரைக் காண்கிறோம். அவர்களுடைய பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பயம் ஒன்றையே பிள்ளைகளுக்குக் கொடுத்தால், அவர்கள் கண்டியைப் பற்றி எரிந்த கடைகளை மட்டுமே அறிந்து வளர்வார்கள். ஒரு காலத்தில் நமக்குக் கதவு திறந்த ஊர் அது என்பதை யார் சொல்லிக் கொடுப்பது?

ஆகவே சகோதரிகளே, வாய்ப்புக் கிடைக்கும்போது போய் வாருங்கள். குளக்கரையில் விருந்தாளி போல் ஒதுங்கி நிற்க வேண்டாம். நிழலில் ஆறுதலாய் அமர்ந்து சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்கு 2018 ஐயும் சொல்லுங்கள், 1626 ஐயும் சொல்லுங்கள். ஊர் திரும்பியதும் உங்கள் வீட்டு மூத்தம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்: நம் குடும்பத்தில் தவளம் ஓட்டிக் கண்டிக்குப் போனவர்கள் யாராவது இருந்தார்களா என்று. அவர் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நம் மூத்தவர்களின் கதைகள் பல, கேட்க ஆளில்லாமலே அவர்களோடு போய்விட்டன.