நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த என் அக்காள் மகள், கரிநாள் கழிந்து இரண்டு நாட்களுக்குப் பிறகு ஒரு காலையில், அடுக்களையிலிருந்து இரண்டு கரண்டிகளையும் ஒரு டம்ளரையும் ஒரு கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு போய் என் அம்மாவின் முன்னால் பரப்பி வைத்தாள். அவள் பொது மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுடைய பேராசிரியர் அவளையும் உடன் படிப்பவர்களையும் ஒரு வார காலம் மருத்துவமனையின் உணவியல் நிபுணரிடம் அனுப்பியிருக்கிறார். ஒருவர் முந்தைய நாள் இருபத்து நான்கு மணி நேரத்தில் உண்டதையும் குடித்ததையும் கேட்டு, அளந்து, எழுதும் முறையை அங்கே கற்றுக்கொண்டாளாம். வீட்டில் ஐந்து பேரிடம் பழகிவிட்டு வரவேண்டும் என்பது பணி. முதல் ஆள் ஆச்சி.

"சாப்பிட்டதைக் கேட்பதற்கு ஒரு எம்.டி. பட்டமா?" என்று நாளிதழிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேலி செய்தேன்.

"கேக்கத் தெரியணும் மாமா" என்றாள்.

அவள் கேட்ட விதம் விநோதமாக இருந்தது. "காலையில் சாப்பிட்டீர்களா?" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. "நேத்து எந்திரிச்சதும் மொதல்ல என்ன ஆச்சி குடிச்சிய?" என்று தொடங்கினாள். காப்பி என்றால் எந்த டம்ளரில், எவ்வளவு பால், சீனி உண்டா? "அதுக்கப்புறம்?" இட்லி என்றால் எத்தனை, தொட்டுக்கொள்ள என்ன? "அதுக்கப்புறம்?" சோறு என்றால் இந்தக் கரண்டியா, அந்தக் கரண்டியா? மறுசோறு வாங்கினீர்களா? நடுவே அவள் நல்லதென்றோ கெட்டதென்றோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. முகத்திலும் எதையும் காட்டவில்லை. எழுதிக்கொண்டே இருந்தாள்.

"ராத்திரி?"

"சப்பாத்திதான்."

"எத்தனை ஆச்சி?"

"ரெண்டு வச்சிருந்தா ஒங்கத்தை."

"அத்தை வச்சது ரெண்டு. நீங்க சாப்பிட்டது எத்தனை?"

அம்மா பதில் சொல்லவில்லை. கிண்ணத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பல்லு எங்க இருக்கு எனக்கு?" என்றார்.

நான் நாளிதழை மடித்து வைத்தேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உறுதியானபோது, இரவில் சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்தி சாப்பிடச் சொன்னார் மருத்துவர். பக்கத்தில் நான்தான் நின்றுகொண்டிருந்தேன். அன்று மாலையே கோதுமை மாவு வாங்கினேன். அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் என் மனைவி இரண்டு சப்பாத்திகளைச் சுட்டு மூடி வைக்கிறாள். அம்மா எல்லோருக்கும் பிறகு உண்பவர். அந்த இரண்டு சப்பாத்திகளும் பல நாட்கள் விடிகாலையில் தெருவில் வரும் பசுமாட்டுக்குப் போயிருக்கின்றன என்பது அந்தக் காலையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. மெல்ல முடியவில்லை என்று சொன்னால் மருமகளுக்குத் தனியாக இன்னொரு வேலை. அதனால் சொல்லவில்லை. மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கியிருக்கிறார்.

சென்ற ஆண்டு நடந்தவை அப்போதுதான் எனக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. இரவெல்லாம் பட்டினி கிடந்தவர் மதியத்தில் வயிறு நிறையச் சோறு உண்டிருக்கிறார். உணவுக்குப் பின் எடுத்த சோதனையில் சர்க்கரை ஏறி நின்றது. மருத்துவர், "உணவுக் கட்டுப்பாடு இருக்கிறதா?" என்று கேட்டார். "இருக்கிறது சார், ராத்திரி சப்பாத்திதான்" என்றேன். ஆம், நான்தான் சொன்னேன். அம்மா வாய் திறப்பதற்குள் மகன் சொல்லிவிட்டான். மாத்திரையின் அளவு கூட்டப்பட்டது. ஐப்பசியில் ஒரு விடிகாலை அம்மா முற்றத்தில் விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது. மற்றொரு நாள் உடல் முழுவதும் வியர்த்து, என்னை இறந்துபோன தம்பியின் பெயர் சொல்லி அழைத்தார். என் மனைவி பதற்றத்தில் வழக்கம்போல் சீனி போட்டுக் கலந்த காப்பியைக் குடித்ததும் தெளிந்துவிட்டார். வயதாகிவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

"வயசு இல்ல மாமா, சர்க்கரை எறங்கியிருக்கு" என்றாள் அவள். அம்மா விழுங்கும் கிளிமிபிரைடு என்ற மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. வயிற்றுக்கு உணவு வந்ததா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. உணவு வராத இரவில் இரத்தத்தில் இருக்கும் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போய்விடும். உறக்கத்திலேயே போய்விடவும் கூடும் என்பதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அன்றிரவு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

மாலையில் ஆற்றங்கரை வரை நடந்தோம். இதையெல்லாம் உனக்கு எப்போது சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். முதலாண்டில் உயிர்வேதியியலில் வைட்டமின்கள் வந்தனவாம்; பெரிபெரி, பெலக்ரா, ஸ்கர்வி என்று மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறாள். சமூக மருத்துவத்தில் கலோரிக் கணக்கு வந்ததாம். ஒரு நோயாளியின் எதிரே உட்கார்ந்து, அவர் தட்டில் என்ன விழுகிறது, அதில் எது வயிற்றுக்குப் போகிறது என்று கேட்க, இந்த ஒரு வாரம் வரை யாரும் அவளுக்குக் கற்றுத் தரவில்லை.

இது நம் நாட்டுக் குறை மட்டுமன்று. அமெரிக்காவில் மருத்துவ மாணவர்களுக்கு ஊட்டவியலில் குறைந்தது 25 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று 1985-இலேயே அங்குள்ள தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் குழு பரிந்துரைத்தது. கால் நூற்றாண்டு கழித்து 2010-இல் வெளிவந்த கணக்கெடுப்பின்படி அங்கே சராசரி 19.6 மணி நேரம். நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலான கல்லூரிகளே அந்த 25-ஐ எட்டியிருந்தன. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான ஒரு கட்டுரையும் எந்த நாட்டிலும் இப்பயிற்சி போதவில்லை என்றே முடித்தது.

நமக்கு இதில் வருந்த இன்னொரு காரணமும் உண்டு. இந்திய ஊட்டவியல் ஆராய்ச்சி தொடங்கிய இடம் நம் குன்னூர். பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அந்த அறைதான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969-இல் தேசிய ஊட்டவியல் நிறுவனம் என்று பெயர் பெற்றது. கம்பிலும் முருங்கைக்கீரையிலும் என்ன இருக்கிறது என்று என் மருமகள் புரட்டும் அட்டவணைகளுக்கு மூதாதை, ஐக்ராய்டு 1937-இல் குன்னூரிலிருந்து வெளியிட்ட சிறு நூல். அந்நிறுவனத்தின் தலைவராக இருந்து இந்திய ஊட்டவியலுக்கே முகமாக விளங்கிய சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். சென்னையில் மருத்துவம் படித்தவர். நூறு வயது வாழ்ந்து 2019-இல் மறைந்தார்.

இதே சென்னையில்தான் உணவு பின்னிருக்கைக்குப் போன கதையும் நடந்தது. காசநோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த காலம். 1959-இல் வெளியான சென்னை ஆய்வு, ஏழைக் குடிசைகளில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமானதைக் காட்டியது. பெரிய ஆய்வு, உலகம் முழுவதும் எண்ணற்ற நோயாளிகளைக் குடும்பத்தோடு இருக்க விட்டது. ஆனால் மருந்து போதும் என்ற உண்மையின் நிழலில், உணவு வேண்டியதில்லை என்ற எண்ணமும் வளர்ந்துவிட்டது. 2023-இல் ஜார்க்கண்டிலிருந்து வேறொரு விடை வந்தது. காசநோயாளிகளின் வீட்டிலிருப்பவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும், நுண்சத்து மாத்திரைகளும் கொடுத்தார்கள். அவர்களிடையே புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை அது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதங்களில் எடை ஏறியவர்களிடையே இறப்பும் வெகுவாகக் குறைந்திருந்தது.

அவள் இவற்றைச் சொல்லிக்கொண்டு வந்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. இருபது ஆண்டுகளாக நான் வகுப்பில் திருக்குறளின் 95-ஆம் அதிகாரத்தை நடத்துகிறேன். 'மருந்து' என்பது அதன் தலைப்பு. அதன் பத்துக் குறள்களில் ஆறு, உண்பதைப் பற்றியவை: முன்பு உண்டது செரித்ததா என்று அறிந்து உண்பது, அளவறிந்து உண்பது, உடலுக்கு மாறுபடாததை உண்பது. மருத்துவன் அதற்குப் பிறகுதான் வருகிறான். வரும்போதும் நோயை மட்டும் பார்க்காதே, நோயுற்றவனின் நிலையையும் பார் என்ற எச்சரிக்கையோடு வருகிறான். புறநானூற்றில் சோழன் ஒருவன், பசிக்கு உணவிட்ட பண்ணனை நோய் தீர்க்கும் மருத்துவனாகவே பாடியிருப்பதையும் சேர்த்துச் சொல்வேன். மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள். தேர்விலும் எழுதுவார்கள். இத்தனையும் சொன்னவன், தன் வீட்டில் ஒரு தட்டைத் திறந்து பார்த்ததில்லை.

நம் ஊரில் எதிர்ப்படும் எவரையும் "சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்கிறோம். அதற்கு "ஆச்சு" என்பதைத் தவிர வேறு விடை வழக்கத்தில் இல்லை. அது அன்பின் மொழிதான்; ஆனால் விடையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுக் கேட்கிற கேள்வி. மருத்துவரின் "உணவுக் கட்டுப்பாடு இருக்கிறதா?" என்பதும் அதே வகை. தலையாட்டுவதற்கு மட்டுமே அதில் இடமிருக்கிறது. அவள் கற்றுவந்த முறை அந்த இடத்தைத்தான் மாற்றியது. 'அதுக்கப்புறம்?' என்பதற்குத் தலையாட்ட முடியாது.

மறுநாளே அம்மாவை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போனோம். பேத்தி எழுதிய ஒரு பக்கத்தை அவர் இரண்டு முறை படித்தார். நாளொன்றுக்கு எண்பது பேரைப் பார்க்கிறவர்; நல்ல மனிதர். "பல்லைப் பற்றி நான் கேட்டிருக்க வேண்டும்" என்றார். மாத்திரையின் அளவைக் குறைத்தார். இரவுக்கு அம்மாவால் விழுங்க முடிவது எதுவென்று அம்மாவிடமே கேட்டார். இரண்டு இட்லி, குழைய வெந்த பாசிப்பருப்பு, கொஞ்சம் கீரை என்று முடிவாயிற்று. மதியச் சோறு ஒரு கரண்டி குறைந்தது. சாப்பிடாத நேரத்தில் அந்த மாத்திரை கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அதன்பின் இதுவரை அம்மாவுக்கு அந்த வியர்வை வரவில்லை. மணிக்கட்டு மட்டும் குளிர்காலத்தில் வலிக்கிறது என்கிறார்.

விடுமுறை முடிந்து போவதற்குள் அவள் மற்ற நான்கு பேரையும் எழுதி முடித்தாள். இரண்டாவது ஆள் என் மனைவி. "நேத்து காலைல மொதல்ல என்ன அத்தை?" என்று அவள் கேட்டதும், என் மனைவி வெகுநேரம் யோசித்தாள். பிறகு, "பதினோரு மணிக்கு ஏதோ மிச்சமிருந்தது" என்றாள்.

இப்போது இரவு எட்டு மணிக்கு நாங்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அம்மா முதலில் சில நாட்கள் கூசினார். இப்போது இட்லி வேகத் தாமதமானால் அவரே குரல் கொடுக்கிறார்.