உடன்பிறந்தவருக்கு ஒரு கல்

எங்கூர் சேரிச் சுடுகாட்டில் கல் கிடையாது. தாத்தாவைப் புதைத்த இடம் எது என்று கேட்டால் ஆயா ஒரு வேலிகாத்தான் புதரைக் கைகாட்டும். 'அங்கதான் எங்கியோ படுத்திருக்காரு' என்று சொல்லும். ஆண்டை வீட்டுச் சமாதிக்குக் கல் சுமந்தவர் அவர். அவர் தலைமாட்டில் ஒரு செங்கல்கூட இல்லை.

அதனால்தானோ என்னவோ, அமெரிக்காவின் நியூபோர்ட் நகரத்து இடுகாட்டுக் கல் ஒன்றைப் படத்தில் பார்த்தபோது எனக்குக் கண்ணை எடுக்க முடியவில்லை.

நியூபோர்ட், ரோட் ஐலண்டில் உள்ள துறைமுகம். 18ஆம் நூற்றாண்டில் அது பிரிட்டிஷ்காரனின் காலனி. ஆப்பிரிக்காவுக்கு அடிமைக் கப்பல் விட்டுக் கொழுத்த ஊர். அங்குள்ள பொது இடுகாட்டில் கறுப்பு மக்களுக்கு ஓர் ஓரத்தை ஒதுக்கினார்கள். 'கடவுளின் சின்ன ஏக்கர்' என்று அதற்குப் பெயர். செத்த பிறகும் ஓரம்தான். இது நமக்குப் புதுசா என்ன?

அந்தக் காலத்து நியூ இங்கிலாந்துக் கல்லறைகளின் உச்சியில் மூன்று சின்னங்கள் மாறிமாறி வந்தன. முதலில் சிறகு வைத்த மண்டையோடு: சாவு வரும், பயந்துகொள் என்று பொருள். பிறகு சிறகு முளைத்த முகம்: உடலை விட்டு ஆன்மா மேலே போகிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தாழியும் வில்லோ மரமும் வந்தன: இருப்பவர்களின் துக்கம். பியூரிட்டன் மதத்தின் இறுக்கம் தளர்ந்த கதையை இந்தச் சின்னங்களில் ஆய்வாளர்கள் படித்தார்கள். சரிதான். ஆனால் சின்னத்தைப் பேசுகிறவர்கள் உளி பிடித்த கையையும் பேச வேண்டும்.

நியூபோர்ட்டில் 1705இல் தொடங்கிய ஜான் ஸ்டீவன்ஸ் கல்தச்சுப் பட்டறை இன்றைக்கும் நடக்கிறது. அந்தப் பட்டறையில் அடிமையாக இருந்து சிலேட்டுக் கல்லில் உளி பிடித்தவர் பாம்பி ஸ்டீவன்ஸ். 1765இல் இறந்த ஓர் அடிமைக் குழந்தையின் கல்லில், வெட்டியது இன்னார் என்று தன் பெயரின் இரண்டு முதல் எழுத்துகளை மட்டும் பொறித்தார். 1768 டிசம்பரில் கஃபி கிப்ஸ் என்பவர் 40 வயதில் இறந்தார். அவருடைய கல்லில் முழுப்பெயரையே வெட்டினார். இந்தக் கல்லை வெட்டியவர் பாம்பி ஸ்டீவன்ஸ், தன் உடன்பிறந்தவரின் நினைவாக என்று.

அண்ணனா தம்பியா என்று அந்த ஆங்கிலச் சொல்லில் இல்லை. உடன்பிறந்தவர், அவ்வளவுதான். ஆனால் ஒருவர் ஸ்டீவன்ஸ், இன்னொருவர் கிப்ஸ். உடன்பிறந்தவர்களுக்கு எப்படி இரண்டு குடும்பப் பெயர்? ஆண்டைகள் இரண்டு பேர். அவனவன் பெயரை அவனவன் ஒட்டிவிட்டான். பாம்பி என்பதுகூட ரோமாபுரித் தளபதியின் பெயர். உழைக்கிறவனுக்குத் தளபதி பெயர் வைத்துச் சிரிப்பது ஆண்டைமாரின் பழக்கம். கஃபி மட்டும் ஆப்பிரிக்காவிலிருந்து கூடவே வந்த பெயர். அக்கான் மக்கள் வெள்ளிக்கிழமை பிறந்த ஆணுக்கு கோஃபி என்று வைப்பார்கள். நம்ம சனங்க அமாவாசையில் பிறந்த பிள்ளைக்கு அமாவாசை என்று வைக்கிற மாதிரி.

அந்த ஓரத்தில் இருக்கிற பல கற்களில் 'இன்னாருடைய வேலைக்காரர்' என்று எழுதியிருக்கிறது. அடிமை என்று சொல்லக் கூச்சம், அதனால் வேலைக்காரர். கல்லைப் படித்தால் செத்தவரைவிட ஆண்டையின் பெயர்தான் பெரிசாகத் தெரியும். கஃபியின் கல்லில் அந்த வாசகம் இல்லை. யாருக்குச் சொந்தம் என்று எழுத வேண்டிய இடத்தில் யாருக்கு உறவு என்று எழுதியிருக்கிறார் பாம்பி. எஜமானனின் பட்டறையில், எஜமானனின் உளியால், எஜமானன் மதத்தின் சிறகு முகத்துக்குக் கீழே அதை எழுதியிருக்கிறார். ரோட் ஐலண்டில் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை சுதந்திரம் என்று சட்டம் வந்தது 1784இல்தான். அதற்கு 16 வருஷம் முந்தியது இந்தக் கல்.

மகாத்மா புலே 1873இல் தன் 'குலாம்கிரி' நூலை, கறுப்பர்களின் அடிமை விலங்கை உடைத்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கை ஆக்கினார். 1972இல் பம்பாய்த் தோழர்கள் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்தார்கள். அந்த உறவில் பாம்பிக்கும் இடம் உண்டு. விலங்கு இருந்தபோதே எழுதியவர் அவர்.

எங்க தாத்தாவுக்கு நடுவதற்கு ஒரு கல் வாங்கப் போகிறேன். புதருக்குப் பக்கத்தில் எங்கியோதான் நட வேண்டும். அதில் அவர் பெயர் இருக்கும். யாருடைய ஆள் என்று இருக்காது. கடைசி வரியில் வெட்டியவரின் பெயரும் இருக்கும்.