'ஆர்' என்னும் ஓரெழுத்து

அப்பாவின் சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையில், மருந்துகளின் பெயர்களுக்கு எதிரே வரிசையாக 'ஆர்' என்றே அச்சாகியிருந்தது. இருபதாண்டுகளாக இலக்கணம் நடத்துகிற எனக்கு அந்த ஓரெழுத்தின் பொருள் விளங்கவில்லை. "இந்த மருந்துகளுக்குக் கிருமி கட்டுப்படாது, சார்" என்றார் மருத்துவர். மிஞ்சியது கோலிஸ்டின், சிறுநீரகத்தையே பதம் பார்க்கக்கூடிய பழைய மருந்து. அதில்தான் அப்பா பிழைத்தார்.

அதே கோலிஸ்டினைக் கோழிகள் விரைவில் எடைகூடத் தீவனத்தில் கலந்துவந்தார்கள் என்பதையும், இந்திய அரசு 2019இல்தான் அதைத் தடைசெய்தது என்பதையும் பிற்பாடு படித்தேன். அதற்கு முன்பே, 2015இல், அம்மருந்தை வெல்லும் மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் பன்றிகளிடமும் நோயாளிகளிடமும் கண்டிருந்தார்கள். கிருமிவிட்டுக் கிருமி தாவும் மரபணு அது.

இந்தத் தேடலில்தான் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் நகரில் 2021இல் தொடங்கப்பட்ட ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆய்வு நிறுவனத்தைப் பற்றி அறிந்தேன். விலங்கிலிருந்து மனிதனுக்குத் தொற்றும் நோய்களையும் மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் அங்கே ஒருசேர ஆராய்கிறார்கள். மனிதர், விலங்கு, சூழல் மூன்றின் நலமும் ஒன்றே என்பது அவர்கள் கொள்கை. (நம் மாடுகளை வாட்டும் கோமாரிக்கு வைரஸே காரணம் என்று 1898இல் காட்டிய லோஃப்லரும் அவ்வூர்ப் பேராசிரியர்தான்.)

பண்ணைக்காரர்களை மட்டும் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்பாவுக்குச் சளி பிடித்தபோதெல்லாம், மருத்துவர் சீட்டில்லாமல் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தவன் நான்.